ஏழு கை லேபிள்

பிப்ரவரி 17, திங்கள்

என்னுடைய புது அப்பளப் பாக்கெட்டுக்கு என்று ஐந்து மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த லேபிள், இன்று காலை நிறைமதி அப்பளத்தின் மேல் ஒட்டி விற்பனைக்கு வந்துவிட்டது.

கீழமாசி வீதியில் சோணைமுத்து கடைக்கு ஆர்டர் எடுக்கப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தான். நான் கேட்காமலே எடுத்துக் காட்டினான்.

“பாத்தீங்களாண்ணே, நிறைமதி புது டிரெஸ் போட்டுருக்கு. காலைல வந்துச்சு, அதுக்குள்ள ரெண்டு பெட்டி காலி. நீங்களும் மாத்தப் போறேன்னீங்களே, எப்பண்ணே?”

பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வட்டமான லேபிள். நடுவில் முறம் நிறையப் பொரித்த அப்பளம். சுற்றிலும் ஏழு பேர் கை நீட்டுகிறார்கள், மேலே நின்று பார்ப்பது போல. வளையல் போட்ட கை, மாவு ஒட்டிய கை, பச்சை குத்திய கை. ஏழாவது கையில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. அது என் கை. மாவு பிசையும் மிஷினில் போன விரல், அது பழைய கதை. என் கம்பெனிப் பெயர் வளர்மதி என்று இருக்க வேண்டிய இடத்தில் நிறைமதி என்று இருக்கிறது. மற்றபடி ஒரு கோடு மாறவில்லை.

இந்தப் படம் உலகத்தில் இரண்டே பேரிடம் இருந்தது. ஒன்று நான். இன்னொன்று என்னோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஜெனோவா. நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். போட்டிக்காரன் சரக்கை நான் காசு கொடுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை. வீட்டில் பொரித்துப் பார்த்தேன். எண்ணெய் குடிக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். ஜெனோவா வரவில்லை. போன் அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை.

நாற்பத்து நான்கு வயதில் நான் கிராபிக் டிசைன் படிக்கப் போன காரணத்தை எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு தடவை லேபிளில் ஒரு எழுத்து மாற்ற வேண்டும் என்றாலும் சிவகாசிக்குப் போய் ஒரு பையன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருந்தது. “இந்த மஞ்சள் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா” என்றால், “கம்மின்னா எவ்வளவு சார்?” என்பான். எனக்குச் சொல்லத் தெரியாது. வியாபாரத்தில் நமக்குத் தெரியாத ஒரு சாமானை இன்னொருத்தன் விலை சொல்ல நாம் வாங்கினால் அவன் சொன்னதுதான் விலை. உளுந்தும் அப்படித்தான், மஞ்சளும் அப்படித்தான். அதனால் சேர்ந்தேன். காலையில் வகுப்பு, இரண்டு மணிக்கு மேல் கம்பெனி. மூன்று வருடப் படிப்பில் இது கடைசிப் பருவம். வகுப்பில் எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயது. எனக்கு அண்ணாச்சி என்று பெயர் வைத்ததே ஜெனோவாதான்.

போன ஜூலையில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு நிஜப் பொருளுக்கு உறை செய்து வரச் சொன்னார்கள். பட்டத்துக்கு அதுதான் இறுதித் திட்டம். நான் என் பாக்கெட்டையே கொண்டுபோனேன். துறைத் தலைவர் கோமளவல்லி மேடம் அதை மேசையில் வைத்தபோது பெயர் தலைகீழாக நின்றது. வகுப்பே சிரித்தது. “உள்ள வட்டமா இருக்குற லேபிள் பெட்டில ஆடி ஆடிச் சுத்திக்கிடும் மேடம், எல்லா அப்பளத்துக்கும் இதே கதைதான்” என்றேன். முப்பது வருடமாக மதுரையில் எல்லோரும் தலைகீழான லேபிளைத்தான் விற்கிறோம். யாரும் அதை ஒரு குறை என்றே நினைத்ததில்லை. அதைக் குறை என்று வகுப்பில் முதலில் எடுத்துச் சொன்னது நான். இது முக்கியம். குறித்து வைக்கிறேன்.

“அப்ப மேல கீழ இல்லாத படம் வேணும் அண்ணாச்சி” என்றாள் ஜெனோவா. திண்டுக்கல் பெண், அப்பா பஸ் கண்டக்டர். மறுவாரம் கம்பெனிக்கு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் முறத்தைச் சுற்றி உட்காரச் சொன்னேன். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தாள். பிறகு செப்டம்பர் முடிகிறவரை வரைந்தாள். லேபிள் எப்படிச் சுற்றினாலும் யாராவது ஒருவர் உங்கள் பக்கத்திலிருந்து நேராகக் கை நீட்டுவார். பெயரும் ஓரத்தில் மூன்று தடவை வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நேராக நிற்கும்.

உட்காரச் சொன்னது நான்.

பிப்ரவரி 19, புதன்

உளுந்து மாவு மூன்று மூட்டை வந்தது. ஒன்றில் ஈரம். திருப்பி அனுப்பினேன். ஜெனோவா போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கோமளவல்லி மேடத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பாக்கெட்டையும், அதாவது என் மாதிரியையும் கடையில் வாங்கியதையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு படிவத்தை எடுத்தார்.

“இறுதித் திட்டத்துக்கு நீங்க டிசம்பர்ல குடுத்த படிவம் இது. ‘கருத்து, வடிவமைப்பு: தவசிலிங்கம். உதவி: ஜெனோவா.’ நீங்க எழுதினதுதானே?”

“ஆமா மேடம்.”

“இது போன வாரம் அந்தப் பொண்ணு குடுத்தது. அதே லேபிள். ‘கருத்து, வடிவமைப்பு, ஓவியம், எழுத்துரு: ஜெனோவா.’ உங்க பேரே இல்ல.”

அந்தப் படிவத்தை வாங்கி இரண்டாவது தடவை வாசித்தேன். விற்றதோடு நிற்கவில்லை, பட்டத்தையும் சேர்த்து எடுக்கிறாள்.

வேலைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த வேலைக்குப் பாதி மதிப்பெண்தான். மீதி, அது எப்படி வந்தது என்று தேதி போட்டுக் கிறுக்கி வைத்த புத்தகத்துக்கு. என்னுடையது காரிலேயே இருந்தது. கொடுத்தேன். மேடம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பதினாறு கடையில் லேபிள் எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்று நானே போய் எடுத்த போட்டோக்கள். எந்தத் தாள் எண்ணெய் இழுக்காது, எந்த மை கசியாது என்று நான் அச்சகத்தில் விசாரித்த குறிப்புகள். நல்ல வேலை என்று அவரே சொன்னார்.

“இந்தப் படங்கள்?”

“அது ஜெனோவா புத்தகத்துல இருந்து ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினது.”

“நீங்க வரைஞ்சது எதாவது?”

“யோசனை என்னுது மேடம். வரையறதுக்குத்தானே ஆளு வேணும்?”

அவர் புத்தகத்தை மூடினார். மார்ச் பதினான்காம் தேதிக்குள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே படிவம் வர வேண்டும். வராவிட்டால் இரண்டையும் தள்ளிவிடுவார். இருவருக்கும் ஒரு வருடம் போகும்.

“ரெண்டு பேரும் பேசுங்க. நான் பஞ்சாயத்து பண்ணப் போறதில்ல.”

மூன்று வருடம் கட்டணம் கட்டியவனுக்கு இதுதான் பதில்.

பிப்ரவரி 22, சனி

இன்று சனிக்கிழமை வகுப்பு. தொழில்முறை ஒப்பந்தம் எழுதுவது பற்றிச் சொல்லித் தருகிறார்கள். போன பருவத்திலிருந்தே நான் அதற்குப் போவதில்லை. விலை பேசுவதை எனக்கு ஒருவர் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. என் மனைவி மாரிச்செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பெனியின் உள்வேலை முழுவதும் அவள் கையில்தான். கெட்டிக்காரி. ஆனால் வாய் சும்மா இருக்காது.

“ஏங்க, நீங்க நிலாவ எடுத்தப்ப திரவியம் முதலாளிக்கும் இப்பிடித்தான் சோறு எறங்காம இருந்துருக்கும்.”

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

“நான் ஒண்ணுன்னு சொல்லலியே. சோத்தச் சொன்னேன்.”

நிறைமதி திரவியம் முதலாளியுடைய கம்பெனி. நான் அங்கே ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வெளியே வந்து வளர்மதி ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு மிஷினும் இரண்டு மாதத்துக்கு வாடகையும். சிவகாசி அச்சகத்தில் நிறைமதி லேபிளின் ஃபைல் இருந்தது. நீல ஆகாயம், மஞ்சள் நிலா. பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். நிலா யாருக்கும் சொந்தமில்லை. முதலாளி கேஸ் எதுவும் போடவில்லை, அவருக்கே அது தெரியும் என்றுதான் அர்த்தம்.

இவளுக்கு எல்லாமே விளையாட்டு.

பிப்ரவரி 24, திங்கள்

பிடித்துவிட்டேன். ஜெனோவா கம்ப்யூட்டர் அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். காதிலிருந்த வயரைக் கழற்றினாள்.

“வாங்க அண்ணாச்சி. வருவீங்கன்னு தெரியும்.”

“எவ்வளவு குடுத்தாரு?”

“மொதக் கேள்வியே இதுதானா?”

“வேற என்ன கேக்கணும்? நல்லா இருக்கியாம்மான்னு கேக்கவா?”

“கேட்டா நல்லாத்தான் இருக்கும்.” கொஞ்சம் சிரித்தாள். பிறகு, “நாப்பதாயிரம்” என்றாள்.

நாற்பதாயிரம்! அந்த லேபிளின் மதிப்பு அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரியும். அதற்கே எனக்குக் கோபம் வந்தது.

“உனக்கு ஆயுதபூஜை அன்னைக்கு வெத்தலை பாக்கு வச்சு அட்வான்ஸ் குடுத்தேன்ல? அட்வான்ஸ் வாங்கின சரக்க இன்னொருத்தனுக்கு விக்கிறவன ஊர்ல என்னன்னு சொல்லுவாங்க தெரியுமா?”

“அட்வான்ஸா? எப்ப?”

“ஐயாயிரத்து ஒண்ணு. தட்டுல வச்சு என் கையால குடுத்தேன்.”

அவள் என்னையே பார்த்தாள். நடிக்கிறாளா என்று நானும் பார்த்தேன். நடிக்கவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு மிஷினுக்குப் பொட்டு வச்சீங்க. லோடு ஆட்டோவுக்குப் பூசணிக்கா ஒடச்சீங்க. அப்புறம் எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லித் தட்டுல வச்சுக் குடுத்தீங்க. மாவு பிசையற முத்துலட்சுமி அக்காவுக்கும் குடுத்தீங்க. அதுவும் அட்வான்ஸா?”

“அவங்களுக்கெல்லாம் ஐந்நூறு. உனக்கு ஐயாயிரத்து ஒண்ணு. அந்த ஒத்த ரூபா எதுக்கு? வெத்தலையில அந்த ஒத்த ரூபாய வச்சுக் குடுத்து நீ வாங்கிட்டா பேச்சு முடிஞ்சுது. கீழமாசி வீதியில பிறந்த பிள்ளைக்குத் தெரியும் இது.”

“எங்க வீட்ல ஒத்த ரூபா சேத்து வச்சா அது மொய் அண்ணாச்சி. விசேஷத்துக்குக் குடுக்கறது. நானும் பண்டிகைக் காசுன்னுதான் நெனச்சேன். அதுல பாதிக்கு முத்துலட்சுமி அக்காங்களுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தேனே, நீங்களும்தான சாப்புட்டீங்க?”

சாப்பிட்டேன். நல்ல பிரியாணி. என் அட்வான்ஸை நானே சாப்பிட்டிருக்கிறேன்.

இருபத்தைந்து வருடத்தில் லட்சம், இரண்டு லட்சம் சரக்கை ஒரு வெற்றிலையில் முடித்திருக்கிறேன். ஒருவரும் பேச்சு மாறியதில்லை. இந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்து “இது அட்வான்ஸ்” என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை எனக்கு. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். அல்லது தொகை கேட்பாளோ என்று நினைத்தேனோ, இப்போது ஞாபகமில்லை.

“சரி, விடு. தெரியாமப் போச்சு. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?”

“கேட்டேன். டிசம்பர்ல ரெண்டு தடவை. ‘என் பேரு எங்க அண்ணாச்சி வரும்’னு. ‘எல்லாம் பாத்துக்கலாம்மா’ன்னீங்க. பெங்களூர்ல இன்டர்வியூ இருக்கு, இந்த லேபிளக் காட்டிக்கிறேன்னு கேட்டேன். சித்திரை வரைக்கும் வெளிய காட்டாதன்னீங்க. வேற எதையோ காட்டினேன். அந்த வேலை கிடைக்கல. திரும்பி பஸ்ல வரும்போதுதான் சும்மா போன்ல தேடிப் பாத்தேன். நவம்பர்லயே டிரேட் மார்க்குக்கு எழுதிப் போட்டுருக்கீங்க. நான் வரைஞ்ச ஏழு கையும் அதுல இருக்கு. உரிமையாளர்னு உங்க பேரு இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அது பாதுகாப்புக்குப் போட்டதும்மா. எவனாவது எடுத்துருவான்னு.”

“எவனாவதுன்னா நானா அண்ணாச்சி?”

அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் எதையும் தட்டவில்லை.

“மதுரையில அப்பளம் போடறவன் நூறு பேரு இருக்கான். அவருகிட்டதான் போகணுமா?”

“உங்க பழைய லேபிள் யாரோடது மாதிரி இருக்கோ, அவருகிட்ட போனேன்.”

எழுந்து வந்துவிட்டேன். தங்கை மாதிரி வைத்திருந்தேன். வீட்டுச் சாப்பாடு, தீபாவளிக்குச் சுடிதார். முதுகில் குத்துகிறவர்களுக்கு எப்போதும் காரணம் தயாராக இருக்கும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. பிரண்டை அப்பளத்துக்கு உப்புக் கூடிவிட்டது என்று மாரிச்செல்வி பிசைந்த மாவு முழுவதையும் கொட்டிவிட்டாள். நான் கவனிக்கவில்லை என்கிறாள்.

பிப்ரவரி 26, புதன்

வக்கீலைப் பார்த்தேன். அவர் சொன்னது இது: ஏதாவது எழுதி வாங்கியிருந்தால் தவிர, வரைந்தவருக்குத்தான் ஓவியம். நான் டிரேட் மார்க்குக்கு எழுதிப் போட்டதால் கேஸ் போட்டு இழுத்தடிக்கலாம். அவளும் எதிர்மனு போட்டு இழுத்தடிக்கலாம். அதுவரை யாராலும் நிம்மதியாக விற்க முடியாது.

“உங்ககிட்ட அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு எதாவது இருக்கா?”

“வெத்தலை இருந்துச்சு” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

திரவியம் முதலாளி வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறேன். எழுபது தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். உட்காரச் சொன்னார். காபி வந்தது. சர்க்கரை கம்மியாக, நான் குடிக்கிற மாதிரியே. அது எப்படி ஞாபகம் என்று தெரியவில்லை.

“என்னப்பா தவசி, யுனிவர்சிட்டில படிக்கிறியாமே. சந்தோசம்.”

“லேபிள் விஷயமா வந்தேன் முதலாளி.”

“வருவன்னு தெரியும்.”

எல்லோரும் நான் வருவேன் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

“அது என் யோசனை. எனக்காக வரைஞ்சது. அந்தப் பொண்ணு எனக்குத் தெரியாமக் கொண்டுவந்து குடுத்துருச்சு. நீங்களும் வாங்கிட்டீங்க.”

“அது உன்னுதுன்னு பொண்ணு சொல்லல. ‘நான் வரைஞ்சது’ன்னு மட்டும்தான் சொல்லுச்சு. புத்தகத்தைக் காட்டுச்சு. மொதப் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் தேதி போட்டு வச்சுருக்கு, என்னா பொறுமை! ஆனா எனக்குத் தெரியும்ப்பா.”

“எப்பிடி?”

அவர் பாக்கெட்டை எடுத்து அந்த ஏழாவது கையின் மேல் தன் விரலை வைத்தார்.

“இந்த விரல நீ என் மிஷின்லதான விட்ட? பெரியாஸ்பத்திரிக்கு என் வண்டிலதான படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனேன்? அறுபத்தெட்டு நாள் உக்கார வச்சுச் சம்பளம் குடுத்தேனே, அந்தக் கைய எனக்குத் தெரியாமப் போகுமா? பாத்ததும் வாங்கணும்னு தோணுச்சு. வாங்கிட்டேன்.”

காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

“அப்ப இத நிறுத்த மாட்டீங்க.”

“பேப்பர்ல எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் ஓட்டுவேன். ஒரு லட்சம் லேபிள். பொண்ணு அவ்வளவுக்குத்தான் எழுதிக் குடுத்துச்சு. மொத்தமா எழுதிக் குடு, மூணு லட்சம் தாரேன்னேன். முடியாதுன்னுருச்சு.”

“ஏன்?”

“அத நீ போயி அதுகிட்டக் கேளு.”

காகிதத்தைக் காட்டினார். இரண்டு பக்கம், சுத்தமாக டைப் அடித்தது. எத்தனை லேபிள், எந்த அளவு, எதுவரை, மீறினால் என்ன. சனிக்கிழமை வகுப்பில் சொல்லித் தருகிறார்களே, அந்த மாதிரி.

மூன்று லட்சத்தை விட்டுவிட்டு யாராவது நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போடுவார்களா? விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறாள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாசல் வரைக்கும் வந்தார். நான் செருப்பு மாட்டும்போது, “வியாபாரம் எப்பிடிப் போகுது?” என்றார். “ஓடுது முதலாளி” என்றேன்.

மார்ச் 3, திங்கள்

மாரிச்செல்வியிடம் சொன்னேன், அந்த மூன்று லட்சத்தையும் சேர்த்து. முறத்தைக் கீழே வைத்தாள்.

“மிச்சத்த உங்களுக்கு வச்சுருக்கு அந்தப் புள்ள.”

“உளறாத.”

“சரி, உளறல. நீங்களே சொல்லுங்க, வேற யாருக்கு வச்சுருக்கும்?”

பாயில் காயும் அப்பளத்தைத் திருப்பிப் போடும் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து போனேன். அது மாரிச்செல்வி பார்க்கிற வேலை.

மார்ச் 5, புதன்

சித்திரைத் திருவிழாவுக்குப் புதுப் பாக்கெட் வரும் என்று சொல்லி வைத்திருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். பழைய லேபிளோடுதான் வரும் என்று சொல்லிவிட்டேன். சோணைமுத்து, “அப்ப நிறைமதி போட்டு அடிச்சிரும்ணே” என்றான். அடிக்கட்டும்.

வகுப்புக்குப் போனேன். மதியம் வரை தனியாக உட்கார்ந்து ஒரு கை வரைந்து பார்த்தேன். நம் கையை நாமே பார்த்து வரைவது லேசு என்று நினைத்திருந்தேன். பதினோரு தாள் போனது. எதுவும் கை மாதிரி இல்லை, இஞ்சி மாதிரி இருந்தது. அவள் ஏழு கை வரைய மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள். நான் அப்போதெல்லாம் “சீக்கிரம்மா” என்று போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

தாளைக் கிழிக்கவில்லை. வேலைப் புத்தகத்தில் தேதி போட்டு ஒட்டினேன்.

மார்ச் 8, சனி

ஜெனோவாவுக்குச் செய்தி அனுப்பினேன்: “பேசலாம். நீ சொல்லும் இடம், நீ சொல்லும் நேரம்.” ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: “செவ்வாய் 11. கேன்டீன். எழுதிக்கொண்டு வருகிறேன்.”

மார்ச் 11, செவ்வாய்

மாரிச்செல்வியும் வந்தாள். “நீங்க தனியாப் பேசினா அட்வான்ஸ்ல போய்த்தான் நிப்பீங்க” என்றாள்.

கேன்டீனில் ஜெனோவா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மாரிச்செல்வியைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க அண்ணி” என்றாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். மேசையில் இரண்டு பக்கக் காகிதம், இரண்டு பிரதி.

வாசித்தேன். மெதுவாகத்தான் வாசித்தேன். சரக்கு வாங்கும்போது மூட்டையைக் குத்திப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியையும் குத்திப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

“லேபிளுக்குப் பன்னெண்டு பைசா ஜாஸ்திம்மா. எட்டு வச்சுக்கலாம். வருசத்துக்குப் பத்து லட்சம் பாக்கெட் போகும், சும்மா வருது பணம்.”

“பன்னெண்டுதான்.”

“ஒன்பது.”

“பன்னெண்டு.”

“ஒரு பேச்சுக்காவது எறங்கு. மரியாதைக்கு ஒரு பைசா.”

“மரியாதைக்குத்தான் பன்னெண்டு போட்டேன் அண்ணாச்சி. எனக்குத் தோணினது பதினஞ்சு.”

மாரிச்செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வெட்கமே இல்லை.

“சரி, பன்னெண்டு. இன்னொன்னு மட்டும் கேக்கறேன். முதலாளி மூணு லட்சம் தாரேன்னாராமே. ஏன் வாங்கல?”

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

“அன்னைக்கு வந்தப்ப ‘எவ்வளவு’ன்னு கேக்காம ‘ஏன்’னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.”

கையெழுத்துப் போட்டேன். அவள் போட்டாள். மாரிச்செல்வி சாட்சி. மூன்று காபி வந்தது, ஜெனோவா அவளுடையதற்கு அவளே காசு கொடுத்தாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்கு நடந்தோம். அவள் முன்னால், நாங்கள் பின்னால். மூன்று வருடமாக அந்த வராந்தாவில் நானும் அவளும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டுதான் நடப்போம். இன்று செருப்புச் சத்தம்தான் கேட்டது. பட்டம் வந்துவிடும், லேபிளும் வந்துவிடும். வந்த பிறகு யாரிடம் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

முடிந்தது இது: ஓவியமும் எழுத்தும் ஜெனோவாவுக்குச் சொந்தம். நவம்பரில் நான் போட்ட டிரேட் மார்க் விண்ணப்பத்தைப் பத்து நாளில் திரும்பப் பெற வேண்டும். இறுதித் திட்டத்தில் அவள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. நிறைமதியின் ஒரு லட்சம் தீர்ந்த பிறகு, ஆடி ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்து வருடத்துக்கு வளர்மதி அப்பளத்துக்கு மட்டும் இந்த லேபிள். ஒன்றுக்குப் பன்னிரண்டு பைசா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வங்கிக் கணக்கில். வாங்கிக்கொள்ள அவள் நேரில் வர மாட்டாள்.